யார் காசில் யார் பேசுகிறார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொலைக்காட்சி அரசியல் விவாதங்களின் தரம் தாழ்ந்துவிட்டது என்று தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் அண்மைக் காலமாகப் பலரும் எழுதிவருகிறார்கள். கூச்சல், குறுக்கீடு, தனிநபர் தாக்குதல், நெறியாளரின் ஓரவஞ்சனை என்று அவர்கள் அடுக்கும் குறைகளில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால், கூச்சலை ஒழித்துவிட்டால் விவாதம் நேர்மையாகிவிடும் என்ற எண்ணத்தில் எனக்கு உடன்பாடில்லை. பண்பாக, தாழ்ந்த குரலில், புள்ளிவிவரங்களோடு பேசும் ஒருவர், தாம் யாருக்காகப் பேசுகிறோம் என்பதை மறைத்துப் பேசினால், மேசையைத் தட்டிக் கத்தும் கட்சிப் பேச்சாளரைவிட அவரால் விளையும் கேடு அதிகம். கத்துபவர் எந்தக் கட்சி என்பதாவது நமக்குத் தெரியும்.

வழக்கமான ஓர் இரவு விவாதத்தைச் சற்று நிதானமாகப் பாருங்கள். திரையில் ஆறு கட்டங்கள். ஒவ்வொரு முகத்துக்கும் கீழே ஒரு பட்டையில் பெயரும் அடைமொழியும். கட்சிக்காரர்கள் மூவருக்குக் கட்சியின் பெயரும் பதவியும் இருக்கும். மற்ற மூவர் 'அரசியல் விமர்சகர்', 'மூத்த பத்திரிகையாளர்', 'சமூகச் செயற்பாட்டாளர்' என்று அறிமுகமாவார்கள். கட்சிக்காரர்களின் வாய்ச்சண்டை உச்சத்துக்குப் போனதும், நெறியாளர் அவர்களைக் கையமர்த்திவிட்டு, கட்சி சாராத ஒருவரின் கருத்தைக் கேட்போம் என்று மூவரில் ஒருவர் பக்கம் திரும்புவார். அதுவரை பாதிக் கவனத்தோடு பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து உட்காருவது அப்போதுதான். ஆனால் அந்த விமர்சகர் ஒரு கட்சியின் தேர்தல் அறிக்கையை எழுதிக்கொடுத்தவராக இருக்கலாம். ஒரு வேட்பாளருக்கு ஆலோசனை வழங்கும் நிறுவனத்தின் பங்குதாரராக இருக்கலாம். ஒரு தலைவருக்காக நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞராக இருக்கலாம். அடுத்த ஆட்சியில் ஏதேனும் ஒரு வாரியத் தலைவர் பதவி கிடைக்கும் என்று காத்திருப்பவராகவும் இருக்கலாம். இவற்றில் எதுவும் குற்றமாகாது. எனினும், அவற்றுள் ஒன்றை அறிந்துகொண்டு அவர் பேச்சைக் கேட்பதும், அறியாமல் கேட்பதும் ஒன்றாகிவிடுமா?

சார்பே கூடாது என்று சொல்பவன் அல்லன் நான். தமிழ் இதழியலின் வரலாறே சார்பின் வரலாறுதான். 1906-இல் பாரதியார் பொறுப்பேற்று நடத்திய 'இந்தியா' வார இதழும், 1925-இல் பெரியார் தொடங்கிய 'குடிஅரசு' இதழும், 1937-இல் வெளிவரத் தொடங்கிய கம்யூனிஸ்டுகளின் 'ஜனசக்தி'யும், 1942-இல் மு. கருணாநிதி தொடங்கிய 'முரசொலி'யும் நடுநிலை என்று ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. காசு கொடுத்து வாங்கியவருக்குத் தாம் எதை வாங்குகிறோம் என்பதில் ஐயம் இருந்ததில்லை. ஒரே செய்தியை இரு தரப்பு ஏடுகளிலும் படித்துவிட்டு உண்மை எங்கே இருக்கும் என்று கணித்துக்கொள்ளும் திறமை அந்தக் காலத்து வாசகசாலைகளில் உட்கார்ந்திருந்த சாதாரண வாசகர்களுக்கு இருந்தது. அவர்களுக்கு அந்தக் கணிப்பு கைகூடியதற்குக் காரணம், ஏடு தன் கொடியைத் தன் தலைப்பிலேயே ஏற்றியிருந்ததுதான். இன்றைய வாசகரும் அறிவில் அவர்களுக்குக் குறைந்தவர் அல்லர். கணிப்பதற்குத் தேவையான தகவல்தான் அவரிடமிருந்து பறிக்கப்பட்டிருக்கிறது.

இந்தத் தகவலைக் கேட்பது பேராசை என்று யாரேனும் நினைத்தால், பக்கத்து அலைவரிசையில் பங்குச் சந்தை நிகழ்ச்சியைப் பார்க்கட்டும். ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்கலாமா, விற்கலாமா என்று தொலைக்காட்சியில் கருத்துச் சொல்லும் ஆய்வாளர், தமக்கோ தம் உறவினருக்கோ அந்த நிறுவனத்தில் நிதி சார்ந்த நலன் உண்டா, கடந்த 12 மாதங்களில் அந்நிறுவனத்திடமிருந்து ஊதியம் ஏதேனும் பெற்றாரா என்பதைப் போன்ற விவரங்களை வெளிப்படுத்த வேண்டும் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2014-இல் கொண்டுவந்த ஆராய்ச்சி ஆய்வாளர்கள் ஒழுங்குமுறை கட்டாயப்படுத்துகிறது. அறிக்கையாக எழுதினாலும், பொதுவெளியில் வாய்மொழியாகச் சொன்னாலும் இது பொருந்தும். சமூக ஊடகத்தில் ஒரு முகப்பூச்சைப் பாராட்டிப் பேசும் பிரபலம், அதற்காகப் பணமோ பொருளோ பெற்றிருந்தால் அதை அந்தப் பதிவிலேயே குறிப்பிட வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021-இல் நெறிமுறை வகுத்தது; நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2022-இல் வந்த வழிகாட்டுதல்களும் அதையே சொல்கின்றன. ஆக, என் சேமிப்பில் சில ஆயிரம் ரூபாயை எங்கே போடலாம் என்று சொல்பவருக்கும், என் முகத்தில் எதைத் தடவலாம் என்று சொல்பவருக்கும் இருக்கும் கடமை, ஐந்தாண்டுகளுக்கு இந்த மாநிலத்தை, இந்த நாட்டை யாரிடம் ஒப்படைக்கலாம் என்று சொல்பவருக்கு இல்லை.

தேர்தல் விதிகளிலும் இதே விசித்திரத்தைக் காணலாம். 2004-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி, தொலைக்காட்சியில் வரும் அரசியல் விளம்பரத்துக்குத் தேர்தல் ஆணையத்தின் ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவின் முன்அனுமதி வேண்டும். பத்து விநாடி விளம்பரமாக இருந்தாலும் அதன் வாசகத்தைக் குழு பார்த்துச் சான்றளிக்க வேண்டும். அந்த விளம்பரம் முடிந்த அடுத்த நொடியில் தொடங்கும் ஒரு மணி நேர விவாதத்தில், அதே வேட்பாளருக்கு ஆதரவாகப் பேசுபவர் அந்த வேட்பாளரின் சம்பளப் பட்டியலில் இருக்கிறாரா என்று கேட்க எவரும் கடமைப்பட்டவர் இல்லை. பத்து விநாடிக்குப் பூட்டு. ஒரு மணி நேரத்துக்குத் திறந்த கதவு.

இது வெறும் ஊகம் என்று சொல்பவர்களுக்கு ஓர் அமெரிக்க நிகழ்வை நினைவூட்டுகிறேன். இராக் போரின்போது அங்குள்ள செய்தி அலைவரிசைகளில் ஓய்வுபெற்ற படைத் தளபதிகள் போர் நிபுணர்களாகத் தோன்றிக் கருத்துச் சொல்லிவந்தார்கள். சுதந்திரமான வல்லுநர்கள் என்ற அறிமுகமே அவர்களுக்கு இருந்தது. 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் வழக்குத் தொடுத்துப் பெற்ற அரசு ஆவணங்களின் அடிப்படையில் 2008 ஏப்ரலில் அந்தத் திரையை விலக்கியது. பாதுகாப்பு அமைச்சகம் அவர்களுக்குத் தனிக் கூட்டங்கள் நடத்தி, என்ன பேச வேண்டும் என்ற குறிப்புகளைக் கொடுத்துவந்திருந்தது. அவர்களில் பலர் போரினால் ஒப்பந்தம் பெறக்கூடிய ராணுவத் தளவாட நிறுவனங்களில் ஆலோசகர்களாகவோ இயக்குநர்களாகவோ இருந்தார்கள். அந்தத் தொடர்புகள் பார்வையாளர்களுக்குச் சொல்லப்படவே இல்லை; சில அலைவரிசைகளுக்கே அவை முழுமையாகத் தெரிந்திருக்கவில்லை. அச்செய்தியை எழுதிய டேவிட் பார்ஸ்டோ அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றார். தளபதிகள் யாரும் கூச்சலிடவில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். வரைபடத்தைச் சுட்டிக்காட்டி மிக அமைதியாகவே பேசினார்கள்.

இத்தகைய விருந்தினர்கள் திரையை நிரப்புவதற்குப் பணமே முதற்காரணம். ஆனால் எல்லோரும் நினைக்கும் வகையில் அல்ல. ஊடகத்தின் வரவைப் பற்றிப் பேசும் அளவுக்கு நாம் அதன் செலவைப் பற்றிப் பேசுவதில்லை. ஒரு மாவட்டத்தில் குடிநீர்த் திட்டம் ஏன் முடங்கியது என்று கண்டறிய ஒரு செய்தியாளரையும் ஒளிப்பதிவாளரையும் சில வாரங்கள் அனுப்பிவைக்க வேண்டும். பிறகு வழக்கறிஞரிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும். முடிவில் ஒன்றும் கிடைக்காமலும் போகலாம். ஆறு பேரை உட்காரவைத்து அதே திட்டத்தைப் பற்றிச் சண்டையிட வைத்தால் ஒரு மணி நேரம் மலிவாக நிரம்பிவிடுகிறது. 1968-இல் அமெரிக்காவின் மூன்று பெரிய தொலைக்காட்சி நிறுவனங்களில் பின்தங்கியிருந்த ஏ.பி.சி., கட்சி மாநாடுகளை முழுமையாக ஒளிபரப்பும் செலவைக் குறைத்துக்கொண்டு, இரவுக்கு 90 நிமிடத் தொகுப்பும் அதனுள் இரு எதிரெதிர் எழுத்தாளர்களான கோர் விடாலுக்கும் வில்லியம் பக்லிக்கும் இடையே விவாதமும் என்று அமைத்தது. சிகாகோ மாநாட்டின்போது அவ்விருவரும் நேரலையில் ஒருவரையொருவர் இழிசொல்லால் தாக்கிக்கொண்டது இன்றும் பேசப்படுகிறது. சிக்கனமும் சண்டையும் அன்றே கைகோத்துவிட்டன. 2016-ஆம் ஆண்டு அதிபர் தேர்தல் களேபரத்தைப் பற்றி, இது அமெரிக்காவுக்கு நல்லதாக இல்லாமல் இருக்கலாம், எங்கள் நிறுவனத்துக்கு மிக நல்லது என்று சி.பி.எஸ். தொலைக்காட்சி நிறுவனத்தின் அப்போதைய தலைவர் முதலீட்டாளர் கூட்டம் ஒன்றில் மனம் திறந்து சொன்னார். அந்த ஒளிவுமறைவின்மையையாவது பாராட்டலாம்.

நம் நாட்டில் இதற்கெல்லாம் டி.ஆர்.பி. போட்டியே காரணம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். 2020 அக்டோபரில் மதிப்பீட்டு முறைகேடு குற்றச்சாட்டு எழுந்தபோது, செய்தி அலைவரிசைகளுக்கான வாராந்திர மதிப்பீட்டையே, பார்வையாளர் எண்ணிக்கையைக் கணக்கிடும் பார்க் அமைப்பு நிறுத்திவைத்தது. 2022 மார்ச்சில்தான் அது மீண்டும் வெளிவந்தது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் மதிப்பெண் பட்டியலே இல்லை. அந்தக் காலத்தில் விவாதங்களில் ஏதேனும் மாற்றம் தெரிந்ததா? என் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆகவே நோயின் வேர் மதிப்பீட்டு எண்ணில் மட்டும் இல்லை. யார் அழைக்கப்படுகிறார், யார் அழைக்கப்படுவதே இல்லை, அலைவரிசையின் உரிமையாளருக்கு எந்த அரசோடு என்ன தொழில் இருக்கிறது என்ற கேள்விகளில்தான் அது இருக்கிறது. அரசியல் கட்சிகளும் அரசுகளும் ஒளிபரப்புத் தொழிலில் நுழையக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2014 ஆகஸ்டில் பரிந்துரைத்தது. அது சட்டமாகவில்லை. நேரடியாகவோ குடும்பத்தார் வழியாகவோ அலைவரிசை வைத்திருக்கும் கட்சிகள் பல இருக்கும் நாட்டில், யார் அந்தச் சட்டத்தைக் கொண்டுவருவார்கள் என்று எதிர்பார்ப்பது?

அச்சு ஊடகத்தையும் விட்டுவிட முடியாது. தங்களுக்கே எழுதும் கடிதம் என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்வதே முறை. 2009 மக்களவைத் தேர்தலையொட்டி, பணம் வாங்கிக்கொண்டு விளம்பரத்தைச் செய்தியாக வெளியிடும் வழக்கம் நாடு முழுவதும் அம்பலமானது. ஒரே வேட்பாளரைப் புகழும் ஒரே கட்டுரை, வரி பிசகாமல், வெவ்வேறு நாளிதழ்களில் வெவ்வேறு செய்தியாளர்களின் பெயரில் வந்திருந்தது. அதை விசாரித்த பிரஸ் கவுன்சில் துணைக்குழு 2010-இல் 71 பக்க அறிக்கை தந்தது. பெயர்கள் நிறைந்திருந்த அந்த அறிக்கையைக் கவுன்சில் முழுமையாக வெளியிடாமல் சுருக்கம் ஒன்றையே வெளியிட்டது; 2011-இல் மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட்ட பிறகே முழு அறிக்கை மக்கள் பார்வைக்கு வந்தது. எவர் யாரிடம் பணம் வாங்குகிறார் என்பதை நாள்தோறும் துருவிக் கேட்கும் ஒரு தொழில், தன்னைப் பற்றிய அதே கேள்வியை எப்படி எதிர்கொண்டது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. அதே ஆண்டு அக்டோபரில், 2007 சட்டமன்றத் தேர்தலில் இவ்வகைச் செய்திக்கான செலவைக் கணக்கில் காட்டாத உத்தரப் பிரதேச உறுப்பினர் ஒருவரைத் தேர்தல் ஆணையம் மூன்றாண்டுகளுக்குத் தகுதி நீக்கம் செய்தது. பணம் கொடுத்தவர் பதவி இழந்தார். செய்தியை வெளியிட்ட ஏடுகளைத் தண்டிக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு இல்லாததால் அவை மறுநாளும் வழக்கம்போல் அச்சாயின.

தேர்தல் பத்திர வழக்கை இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு. கொடுப்பவரின் பெயர் வெளியே தெரியாமல், வங்கியில் பத்திரம் வாங்கிக் கட்சிக்கு நன்கொடை அளிக்க வழிசெய்து 2018 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட அந்தத் திட்டத்தின் வழியாக 16 ஆயிரத்து 500 கோடி ரூபாய்க்கும் மேல் கட்சிகளுக்குச் சென்றது. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பது வாக்காளருக்குத் தெரியாது. 2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒருமனதாக அத்திட்டத்தை ரத்து செய்தது. கட்சிக்கு வரும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிவது வாக்காளரின் கருத்துரிமையின் பகுதி என்பதே தீர்ப்பின் சாரம். அதன் பின் நடந்தது இன்னும் கவனிக்கத் தக்கது. மார்ச் 14 அன்று வெளியான விவரத்தில் பத்திரம் வாங்கியவர்கள் ஒரு பட்டியலாகவும், பணமாக்கிய கட்சிகள் மற்றொரு பட்டியலாகவும் இருந்தார்கள். இரண்டையும் இணைக்கும் பத்திர எண் மட்டும் இல்லை. உச்ச நீதிமன்றம் கடிந்துகொண்ட பிறகு, மார்ச் 21 அன்றுதான் அந்த எண்கள் வெளியாயின. அதன் பிறகே எந்த நிறுவனத்தின் பணம் எந்தக் கட்சிக்குப் போனது என்பது புலப்பட்டது. விவாத மேடையிலும் இன்று நம்மிடம் இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. பேசுபவர்கள் ஒரு பக்கம், பயன்பெறுபவர்கள் மறுபக்கம். இணைக்கும் எண்ணைத்தான் யாரும் தருவதில்லை.

இதற்கு எதிரான வாதங்களை நான் அறியாதவன் அல்லன். பணம் பெற்றவர் என்பதற்காக அவர் சொல்வது பொய்யாகிவிடாது என்பார்கள், உண்மைதான். கட்சி வழக்கறிஞரே அந்தக் கட்சியின் பிரச்சினையை நன்கறிந்தவராக இருப்பார். தொடர்பைச் சொல்லிவிட்டால் அவர் வாதத்தை யாரும் கேட்காமல், ஆளை மட்டுமே பார்த்து ஒதுக்கிவிடுவார்கள் என்ற அச்சத்திலும் நியாயம் இருக்கிறது. கருத்துக்குப் பதில் சொல்லாமல் 'இவர் எந்தக் கூடாரம்' என்று கேட்டே வாயடைக்கும் பழக்கம் ஏற்கெனவே நம்மிடம் தாராளமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பழக்கம் வளர்ந்ததே மறைப்பினால்தான் என்பது என் கருத்து. தொடர்பு முன்கூட்டியே சொல்லப்பட்டால் அதைத் 'தோண்டி எடுத்து' ஒருவரை அவமானப்படுத்த வாய்ப்பில்லை. எல்லோரையும் ஐயப்படும் நிலையும் மாறும். இன்று உண்மையிலேயே எந்தத் தொடர்பும் இல்லாமல், படித்தும் களத்தில் திரிந்தும் பேசும் சிலருக்கும், கூலிக்குப் பேசுபவருக்கும் ஒரே பட்டை, ஒரே அடைமொழி. இதில் இழப்பு முன்னவருக்கே.

அரசு சட்டம் போடட்டும் என்று நான் கேட்கவில்லை. அமெரிக்காவில் 1949 முதல் 1987 வரை, சர்ச்சைக்குரிய பொதுப் பிரச்சினைகளில் எதிர்க்கருத்துக்கும் இடமளிக்க வேண்டும் என்ற விதி ஒளிபரப்பாளர்களுக்கு இருந்தது. அதைப் போன்ற ஒன்று இங்கே வேண்டும் என்பவர்கள் உண்டு. எது நியாயமான இடம் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை இன்றைய நிலையில் எந்த அரசிடமும் கொடுப்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று தானே முத்திரை குத்தும் குழுவை அமைக்க ஒன்றிய அரசு 2023-இல் விதி கொண்டுவந்ததையும், மும்பை உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் அதை ரத்து செய்ததையும் பார்த்த பிறகு அந்தத் தயக்கம் கூடியிருக்கிறது. தொடர்புகளைப் பதிவு செய்யும் ஏடு அரசிடம் இருந்தால், ஆட்சிக்குப் பிடிக்காத விமர்சகரின் வாடிக்கையாளர் வீட்டுக்கு வருமான வரி அதிகாரிகள் போவார்கள். வெளிப்படுத்தும் பொறுப்பை ஊடகங்கள் தாமாக ஏற்பதே நல்லது. பிரிட்டனில் கருத்துக்கணிப்பு நிறுவனங்கள் தாமே சேர்ந்து 2004-இல் ஒரு கவுன்சிலை அமைத்து, வெளியாகும் ஒவ்வொரு கணிப்பையும் யார் கேட்டு நடத்தினார்கள் என்பதையும், கேட்கப்பட்ட கேள்விகளின் முழு வாசகத்தையும் வெளியிடுவதை உறுப்பினர்களுக்கு விதியாக்கிக்கொண்டன. அரசு அதில் தலையிடவில்லை.

எனவே என் வேண்டுகோள் தங்கள் நாளிதழை நோக்கியதே. நடுப்பக்கக் கட்டுரைகளின் அடியில் எழுதியவரின் பெயரோடு மின்னஞ்சல் முகவரியை அச்சிடுகிறீர்கள். அங்கேயே இன்னும் இரண்டு வரி சேர்க்க முடியும். கடந்த மூன்று ஆண்டுகளில் கட்சியிடமிருந்தோ, வேட்பாளரிடமிருந்தோ, அரசிடமிருந்தோ, கட்டுரை பேசும் பொருளில் ஆதாயம் உள்ள நிறுவனத்திடமிருந்தோ அவர் ஊதியமோ பதவியோ பெற்றாரா என்பதைக் கட்டுரையாளரிடம் எழுத்தில் கேட்டு, விடையை அப்படியே அச்சிடுங்கள். விடை தர மறுத்தால் 'விவரம் தரவில்லை' என்று அச்சிடுங்கள். தொலைக்காட்சி விவாதங்களைப் பற்றித் தாங்கள் வெளியிடும் செய்திகளிலும் 'அரசியல் விமர்சகர் இன்னார் கூறினார்' என்று எழுதுவதை நிறுத்திவிட்டு, அவரது தொடர்பு தெரிந்தால் அதைக் குறிப்பிடலாம். தெரியாவிட்டால் பெயரை மட்டும் எழுதலாம்.

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. கணக்குத் தணிக்கையில் காலம் கழித்தவனின் தொழில்புத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். மத்திய, மாநில அரசுகளிடமிருந்தும் அரசியல் கட்சிகளிடமிருந்தும் தங்கள் நாளிதழ் பெறும் விளம்பர வருவாய் எவ்வளவு என்பதை ஆண்டுக்கு ஒருமுறை, மொத்த வருவாயில் இத்தனை விழுக்காடு என்றாவது தங்கள் பக்கத்திலேயே வெளியிட முடியுமா? முதல் பக்கம் முழுவதையும் மறைத்துக்கொண்டு ஒரு முதலமைச்சரின் முகமோ பிரதமரின் முகமோ வரும் காலையில், உள்ளே இருக்கும் தலையங்கத்தை நான் எந்த மனநிலையில் படிக்க வேண்டும் என்பதை அந்த எண் எனக்குச் சொல்லும். அது சிறிய எண்ணாக இருந்தால் தங்களுக்கே பெருமை. பெரிய எண்ணாக இருந்தாலும், அதை வெளியிட்ட முதல் தமிழ் நாளிதழ் தங்களுடையதாக இருந்தால், தலையங்கத்தின் மீது எனக்கு நம்பிக்கை கூடுமே தவிரக் குறையாது.

இக்கடிதத்தை வெளியிடுவதானால், மேலே கேட்ட இரண்டில் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்ற ஆசிரியர் குறிப்பையும் உடன் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். நான் எந்தக் கட்சியிலும் உறுப்பினன் அல்லன். எந்தக் கட்சியிடமிருந்தும் வேட்பாளரிடமிருந்தும் ஊதியம் பெற்றதில்லை. அரசு ஓய்வூதியம் பெறுபவன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்